"அது வழக்கம்" என்றால்

பீர்க்கன்கரணையில் நான் மாலை வகுப்பு எடுக்கும் பிள்ளைகள் போன வாரம் அட்டைப்பெட்டியை வெட்டி, வைக்கோல் பரப்பிக் கிறிஸ்துமஸ் குடில் செய்தார்கள். "அக்கா, இதை முதல்ல யார் ஆரம்பிச்சது?" என்று கேட்டாள் ஏழாம் வகுப்புப் பெண்.

1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசியின் பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துக் கொண்டாடினார். குடில் வைக்கும் வழக்கம் அதன்பிறகே பரவியது. கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. டிசம்பர் 25 என்ற தேதியே பைபிளில் இல்லை. நான்காம் நூற்றாண்டு ரோமில்தான் அதற்குச் சான்று இருக்கிறது.

சொல்லும்போதே என் ஊர் நினைவுக்கு வந்தது. டிசம்பர் இரவுகளில் கேரல் குழு மற்ற தெருக்களுக்கெல்லாம் போகும். எங்கள் தெருமுனையில் திரும்பிவிடும். வாசலில் ஸ்டார் கட்டிக் காத்திருப்போம். ஏன் வரவில்லை என்று கேட்டால், "அது வழக்கம்டி" என்பார் அம்மா.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய தேவாலயத்தில் சாதிவாரியாகப் பிரித்து உட்காரவைக்க நடுவில் சுவர் இருந்தது. அதையும் வழக்கம் என்றுதான் சொன்னார்கள். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது.

தோழர்களே, யாராவது "வழக்கம்" என்று சொன்னால் எந்த வருடத்திலிருந்து, யார் தொடங்கியது, யாருக்காக என்று கேளுங்கள். மனிதர்கள் தொடங்கியதை மனிதர்களே நிறுத்தலாம். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு குடும்பத்தில் பிறந்த பிள்ளையைத்தான் கொண்டாடுகிறோம்.

இந்த வருடம் எங்கள் பிள்ளைகளின் கேரல் ஒரு தெருவையும் விடாது.