முப்பத்திரண்டு எட்டு

ஐதராபாத்தின் அமீர்பேட்டில் மென்பொருள் பயிற்சிக்கு வந்த ஒரு தமிழ் இளைஞர், ஒருநாள் மாலை மைத்ரிவனம் பக்கச் சந்தில் 80 அடியை நடந்துபார்த்தார். முப்பத்திரண்டு எட்டில் முடிந்துவிட்டது.

டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த டோக்கிட்டே என்ற ஓர்க்கா மயாமியில் வாழ்ந்த தொட்டியின் நீளம் அவ்வளவுதான். ஆழம் 20 அடி. அதன் உடல் நீளமும் ஏறக்குறைய அதே. 1970-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலில் குட்டியாகப் பிடிபட்டது. அங்கே அதன் இனத்தில் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் தாயைவிட்டுப் பிரிவதில்லை. 2023 மார்ச்சில் கடலுக்குத் திருப்பி அனுப்பும் திட்டம் அறிவித்தார்கள். ஆகஸ்டில் அது இறந்துபோனது. எவ்வளவு தாமதமான இரக்கம்!

தூரத்துக் கதை என்று அவரால் ஒதுக்க முடியவில்லை. சென்னையை அடுத்த ‘டால்பின் சிட்டி’ பொழுதுபோக்குப் பூங்காவுக்கு 1990களின் பிற்பகுதியில் பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் வந்தன. சில மாதங்களிலேயே செத்தன.

2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது: டால்பின் காட்சியகம் கேட்டு யார் வந்தாலும் அனுமதி தராதீர்கள். டால்பின்களை மனிதரல்லாத நபர்களாகப் பார்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

அந்த வரியை அவர் அறைத் தோழர்களுக்குத் தெலுங்கில் சொல்லிக் காட்டினார்.