திரைக்குப் பின்னால் ஒரு பணி

கேளம்பாக்கத்து உப்பளங்களில் பாத்தி கட்டுவோரைச் சோற்றில் உப்பிடுவோர் அறியார். அருகே சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தபின் இப்பகுதியில் குடியேறிய எம் போன்றோரின் தொழிலும் அத்தகையதே. மென்பொருளின் பின்தளத்தில், பணம் செலுத்தும் பகுதிக்கு நிரல் எழுதி வந்தோம். ஆட்குறைப்பில் அவ்வேலை போயிற்று. இப்போது வேறு வேலை தேடுகிறோம்.

“நீங்கள் செய்ததைக் காட்டுங்கள்” என்கின்றனர் நேர்காணலில். திரையை அழகுற அமைப்பவர் அதனைக் காட்டிவிடலாம். நாம் எதைக் காட்டுவது? வீட்டில் எம் அன்னைக்கும் இதே ஐயம்.

அவருக்கு இவ்வாறு விளக்கினோம்: 2016இல் யுபிஐ வந்தபின் மளிகைக் கடையிலும் கைப்பேசியால் பணம் செலுத்துகிறோம். அந்நேரம் இணைப்பு அறுந்தால், கைப்பேசி அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பக்கூடும். அதற்காகப் பணம் இருமுறை கழியலாகாது. எனவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதே எண் திரும்பி வந்தால், புதிதாகக் கழிக்காமல் முந்தைய விடையையே தருமாறு நிரல் அமைக்கிறோம். ஒருவர் கணக்கில் கழிந்த தொகை மற்றவர் கணக்கில் சேராவிடில், கழித்ததும் திருப்பி வைக்கப்பட வேண்டும்.

“அப்படியானால் நீ கணக்குப்பிள்ளை” என்றார் அன்னை. எத்துணைப் பொருத்தமான சொல்!

வேலை தேடும் இளைஞர்களே, கற்ற கருவிகளின் பெயர்களை மட்டும் அடுக்காதீர்கள். உங்கள் உழைப்பால் எவருடைய பணம், எவ்வாறு காக்கப்பட்டது என்று கூறுங்கள். காணாத வேலைக்கு அதுவே சான்று.