பொதுக் கணக்கில் ஒரு வரி

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வரும் வழியில் காதங்கி இருக்கிறது. தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் அங்கேதான் உள்ளது. நான் வானிலை ஆய்வுக்கு வந்ததற்கு அவ்வூரும் ஒரு காரணம். ஆனால் ஆய்வில் நான் செய்த பெரும்பிழைக்கும் வானத்துக்கும் தொடர்பில்லை. அது ஒரு கோப்பில் எழுதிய ஒற்றை வரி.

2021 நவம்பரில் திருப்பதியை வெள்ளக்காடாக்கிய மழையை டபிள்யூ.ஆர்.எஃப். மாதிரியில் மீள உருவாக்குவது என் பணி. அதற்கு நெட்சிடிஎஃப் நூலகம் தேவை. 4.2ஆம் பதிப்பு முதல் அதன் சி பகுதியும் ஃபோர்ட்ரான் பகுதியும் தனித்தனியே வெளிவருகின்றன. இரண்டையும் துறையின் கணினியில் ஒரே அடைவில் நிறுவி, 'மைனஸ் எல்' வழியாக லிங்கருக்கு இடத்தைக் காட்டினேன். தொகுப்பு பிழையின்றி முடிந்தது. இயக்கியபோதோ, நூலகத்தைக் காணவில்லை என்றது.

'மைனஸ் எல்' இணைக்கும் வேளைக்கு மட்டுமே உரியது. இயங்கும் வேளையில் தேடுவது லோடர். லிங்கரிடம் சொன்ன இடம் அதற்குத் தெரியாது. 'ஆர்பாத்' கொடுத்து அவ்விடத்தை நிரலுக்குள்ளேயே பதித்திருக்க வேண்டும். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. எல்லோரும் பயன்படுத்திய பொதுக் கணக்கின் தொடக்கக் கோப்பில், 'எல்டி லைப்ரரி பாத்' என்ற மாறிக்கு என் அடைவைக் கொடுத்தேன். மாதிரி ஓடியது, அந்த வரியை மறந்தேன்.

சில மாதங்கள் கழித்து, இளைய ஆய்வாளர் ஒருவர் புதிய கம்பைலரில் தொகுத்த நிரல், குறியீடு ஒன்று கிடைக்கவில்லை என்று நின்றது. மூன்று வாரம் தம் நிரலை வரிவரியாகச் சந்தேகித்தார். ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொள்ள வழிகாட்டியிடம் கேட்கவிருந்தாராம். ஒருநாள் இருவரும் 'எல்டிடி' கட்டளையை இட்டுப் பார்த்தோம். அவர் நிறுவிய நூலகத்துக்குப் பதிலாக, அதே கோப்புப் பெயருடைய என் பழைய நூலகம் ஏறியிருந்தது. அவர் ஆர்பாத்தைச் சரியாகவே கொடுத்திருந்தார். ஆயினும் இன்றைய லிங்கர்கள் பல அதை 'ரன்பாத்' என்று பதிக்கின்றன. நான் எழுதிய மாறி அதை முந்திக்கொள்ளும்.

"அப்படியானால் தவறு என் நிரலில் இல்லையா, அண்ணா?" என்று மட்டும் கேட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றே அந்த வரியை நீக்கி, ஆர்பாத்துடன் என் மாதிரியை மறுபடி தொகுத்தேன். அவருடைய நிரல் நின்றது நல்லதாயிற்று. நிற்காமல் வேறொரு பதிப்போடு ஓடியிருந்தால், இருவருமே அறிந்திருக்க மாட்டோம்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இப்போது கம்பைலரின் பதிப்பு, கொடுத்த அமைப்புகள், எல்டிடி காட்டிய பட்டியல் மூன்றும் உள்ளன. எந்த நூலகத்தோடு ஓடியது என்று சொல்ல இயலாத முடிவை, இன்னொருவர் எவ்வாறு சரிபார்ப்பார்?