காஞ்சியில் ஒரு கல்யாணப் புடவை

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. கோயில் பார்க்கப் போய், அப்படியே ஒரு புடவையும் வாங்கி வருகிறவர்கள் ஒரு ரகம். புடவை வாங்கப் போய், மனம் உறுத்துகிறதே என்பதற்காகக் கோயிலையும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்னொரு ரகம். நான் எந்த ரகம் என்பதைச் சகோதரிகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை!

இந்தத் தடவை என்னோடு வந்தவள் என் அண்ணாவின் பெண். தை மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கற்பட்டு வழியாகக் காஞ்சிக்குப் போகும் மின்சார ரெயில் ஒன்று இருக்கிறது. அதில் தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தோம். காரில் போனால் சீக்கிரம் போகலாம் என்றார் அண்ணா. ஆனால், செங்கற்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஜன்னலோரமாகக் கூடவே ஓடிவருமே, அது காரில் கிடைக்குமா?

பெண் ஏரியைப் பார்க்கவில்லை. "ஏதோ ஒன்று எடுங்கள், அத்தை. எனக்கு எது கட்டினாலும் ஒன்றுதான்" என்றாள்.

அவளுக்கு உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கொஞ்சம் பூசினாற் போன்ற உடம்பு. பாங்கியில் வேலை, கணக்கில் புலி. ஆனால் நிச்சயதார்த்தத்தன்று உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி, நாலு பேர் காதில் விழும்படி, "இவளுக்குப் பட்டுக் கட்டினால் தலையணைக்கு உறை போட்ட மாதிரி இருக்குமே!" என்று சொல்லிவிட்டாள். சொன்னவள் பாயசம் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கேட்டவளுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

என் பையில் ஒரு பழைய துணி மூட்டை இருந்தது. அதில் இருந்தது அண்ணியின் கல்யாணப் புடவை. அரக்கு உடல், கடுகு மஞ்சளில் எட்டு அங்குலக் கரை, கரை ஓரம் முழுவதும் தாழம்பூ ரேக்கு. அண்ணி போய் நாலு வருஷம் ஆகிறது. அண்ணி ஐந்தடி ஆறு அங்குலம். அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் கூடத்தில் நடந்துவந்தால் தேர் அசைந்து வருவது போல இருக்கும். போன வாரம், வீட்டில் யாரும் இல்லாத வேளையில், பெண் அதை எடுத்துக் கட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். மடிப்பு மாறியிருந்ததை வைத்து நான் கண்டுபிடித்தேன்.

ஸ்டேஷனில் இறங்கியதும் சொன்னபடி முதலில் கோயில். கைலாசநாதர் கோயிலில் கூட்டமே இல்லை. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில். மணற்கல்லில் அத்தனை தேவிகளும் கொடி போல நிற்கிறார்கள்.

"அந்தக் காலத்துச் சிற்பிக்குக் குள்ளமான ஒரு பெண்கூடவா கண்ணில் படவில்லை, அத்தை?" என்றாள் இவள்.

நான் கீழே அடிப்பீடத்தைக் காட்டினேன். அங்கே பூதகணங்கள் வரிசையாகத் தொப்பையும் தொந்தியுமாகக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்தன. "இதுதான் நம் கட்சியா!" என்று சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

பிறகு காந்தி சாலை. பட்டுக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் வீதி. ஒரு கடையில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தோம். விற்பனையாளர் பெண்ணை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். "பாப்பா மாநிறம், லைட் கலர்தான் எடுக்கும்" என்று தீர்ப்பளித்துவிட்டு, வெளிறிய ரோஜாவையும் சந்தனத்தையும் அள்ளி வீசினார். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. அரக்கும், மாம்பழ மஞ்சளும், கிளிப்பச்சையும், எம்.எஸ். அவர்களுக்காகக் காஞ்சீபுரம் முத்துச் செட்டியார் நெய்துகொடுத்துப் பேர் பெற்ற அந்த எம்.எஸ். நீலமும் மாநிறத்தில் எப்படிச் சுடர்விடும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். கடைக்காரர்களுக்குத்தான் மறந்துபோய்விட்டது.

நிறத்தைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று கடையில் நடக்கிறது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. புடவையை விரித்துத் தோளில் ஒரு மடிப்புப் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துகிறார்கள். நமக்குத் தெரிவது இடுப்புக்கு மேலேதான். கரை இருக்கவேண்டிய இடமோ பாதத்தில்! குள்ளமானவர்களுக்கு வினை அங்கேதான் வருகிறது. என்னிடம் ஒரு அளவு நாடா எப்போதும் இருக்கும். அங்கேயே அளந்தேன். இவளுக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை முப்பத்தைந்து அங்குலம். அதில் எட்டு அங்குலக் கரை என்றால் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், முழங்காலுக்குக் கீழே கோடு கிழித்து ஆளை இரண்டாக வெட்டினாற் போல இருக்கும். அண்ணிக்கு அதே கரை ஐந்தில் ஒரு பங்கு. தேருக்கு அடித்தட்டு போல எடுப்பாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோடு போட்ட புடவை கட்டினால் உயரமாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக் கேட்டு, விரிப்பில் நீளமாக ஓடும் கோடுகளை ஆசைப்பட்டு வாங்குகிறோம். புடவையின் நீளம் உடம்பைச் சுற்றிக்கொண்டு வருவது அல்லவா? விரிப்பில் நீளவாக்கில் ஓடிய கோடு, கட்டினதும் பீப்பாய்க்கு வளையம் போட்டது போலச் சுற்றிக்கொள்ளும். கரையிலிருந்து கரைக்குக் குறுக்காக ஓடும் கோடுதான் கொசுவத்தில் நிமிர்ந்து நிற்கும். முதுகில் தொங்கும் தலைப்பில் மட்டும் இது தலைகீழாகிவிடும். ஆகையால், கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி, புடவையை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி, நாலு கொசுவம் வைத்துப் பார்த்த பிறகே விலை கேளுங்கள்.

பக்கத்து விரிப்பில் நெடுநெடுவென்று மெலிந்த ஒரு பெண்மணி, கரையே தெரியாத ஒரு மெல்லிய புடவையை எடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. கட்டம் போட்ட உடலும் கனமான கரையும் அவருக்காகவே பிறந்தவை. புதுப்பட்டின் விறைப்பு அவர் தோளில் சற்றுச் சதை போட்டது போல நிற்கும். 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, மறைந்துகொண்டிருந்த அகலக் கரைகளையும் பழைய நிறக் கலவைகளையும் மறுபடி தறியில் ஏற்றச் செய்தார். அவர் கட்டிப் பிரசித்தமான அந்த மாதிரிப் புடவை ஒன்று எதிர் அலமாரியில் இருந்தது. கேட்காமல் யோசனை சொன்னால் பல்லைப் பிடித்துப் பார்த்த கதையாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கடையில் எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த நெசவாளர் வீடு ஒன்று உண்டு. அங்கே போனோம்.

அவர் தறியில் இருந்தார். கோர்வைப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு, ஆக மூன்று நாடாக்கள். ஒவ்வொரு ஊடையிலும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவேண்டும். ஒருவரால் முடியாது. பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். முன்பெல்லாம் பையன்கள் உட்காருவார்கள். இவர் மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஆகவே மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. 2005-ல் புவிசார் குறியீடு காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்ததே, அது இந்த இரண்டு பேர் கைக்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த அம்மாள் குள்ளமாக, உருண்டையாக, பார்ப்பதற்கு அம்சமாக இருந்தார். சாதாரண நூல் புடவைதான். ஆனால் கட்டியிருந்த கட்டு! என் மூட்டையை அவிழ்த்ததும், "யாருதும்மா இது? எங்க பக்கத்து வேலைதான்" என்று வாங்கி விரலால் நெருடினார். விஷயத்தைச் சொன்னேன். "வா பாப்பா" என்று பெண்ணை உள்ளே கூட்டிப்போய் அண்ணியின் புடவையைக் கட்டிவிட்டார்.

எனக்கு அன்றைக்குக் கிடைத்த பாடம் கடையில் கிடைக்கவில்லை, அந்த உள்ளறையில்தான் கிடைத்தது. புடவை அகலம் நாற்பத்தெட்டு அங்குலம். குட்டையானவர்களுக்கு மிஞ்சுகிற துணியை நாம் இடுப்பில் கொத்தாகச் செருகிவிடுகிறோம். அதுதான் வயிற்றில் மூட்டை கட்டினாற் போல நிற்கிறது. அவர் மிச்சத்தை ஆழமாக இறக்கி, உள்பாவாடைக்குள் உள்ளங்கையால் நீவிவிட்டார். பாவாடை நாடாவின் முடிச்சைப் பக்கவாட்டில் தள்ளினார். கொசுவத்தைக் குறுகலாக ஆறு மடிப்பு வைத்துத் தொப்புளுக்குச் சற்று இடப்பக்கமாகச் செருகி, உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பையும் கீழே இழுத்துவிட்டார். தலைப்பைப் பரத்திவிடாமல் நாலு விரல் மடிப்பாகத் தோளில் ஏற்றினார். "கையிலே சதை எங்கே ஜாஸ்தியோ அங்கே ரவிக்கைக் கை நிக்கக்கூடாது பாப்பா. முழங்கைக்கு மேல ரெண்டு விரக்கடை வரைக்கும் இறக்கிடு. ரவிக்கை இந்த அரக்குலேயே இருக்கட்டும். வேற கலர் போட்டா நடுவுல துண்டாயிடும்" என்றார்.

பெண் கண்ணாடியைப் பார்த்தாள். போன வாரம் பார்த்த அதே புடவைதானா என்று அவளுக்கே சந்தேகம். கரை மட்டும் இன்னும் பெரிதாகத்தான் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் அவள் முகத்தில் அண்ணியின் ஜாடை ஒன்று வந்து போயிற்று.

"இதையே முகூர்த்தத்துக்குக் கட்டிக்கட்டுமா, அத்தை?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் தலைப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்ததால் மடிப்போடு பட்டு இற்றுப்போயிருந்தது. மூன்று இடத்தில் வெளிச்சம் ஊசி போல உள்ளே வந்தது. "உட்கார்ந்து எழுந்தா கிழிஞ்சிடும் கண்ணு. சபையிலே கிழியக்கூடாது" என்றார். (சகோதரிகளே, பீரோவில் தூங்கும் பட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தரமாவது எடுத்து மடிப்பை மாற்றி வையுங்கள். நாலு வருஷமாக அந்தப் பீரோவை நான் திறந்து பார்க்கவில்லை. இதை நான் எந்த முகத்தோடு எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியும்.)

நல்ல கரையை மட்டும் வெட்டிப் புது ரவிக்கைக் கைக்கு வைத்துத் தைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. "கத்தரியா? வேண்டாம்" என்றாள் பெண். அதற்குமேல் யாரும் பேசவில்லை. தறி மட்டும் அடங்கியிருந்தது.

நெசவாளர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதே அரக்கு, இதே ரேக்கு. கரையை நாலு அங்குலமாக் குறைச்சுடலாம். மஞ்சள் வேணாம். கரையும் அரக்கையே ஒட்டி ஒரு நூல் கருப்பா இருக்கட்டும், ஜரிகை மட்டும் பேசட்டும். அகலத்துலே மூணு அங்குலம் பாவைக் குறைச்சே ஏத்தறேன். இடுப்பிலே செருகற கஷ்டம் இல்லே. உடல்லே புட்டா தூரத் தூரமா சின்னதாப் போட்டாப் போதும்."

மனைவி குறுக்கிட்டார்: "பாவைத் தளர்த்தியாப் போடுங்க. விறைப்பா நின்னா பாப்பாவுக்கு உப்பிக்கும்."

நான் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். அவள் புடவையை அவிழ்க்காமலே உட்கார்ந்து, காகிதத்தில் ரேக்கின் முனைகளை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தாள். பாங்கிப் பெண் அல்லவா! "நாலு அங்குலத்திலே முனை சின்னதாகுமா, எண்ணிக்கை குறையுமா?" என்று கேட்டாள். சின்னதாகும் என்றார். "அப்படியானால் சரி. எண்ணிக்கை அம்மாவுடையதாகவே இருக்கட்டும்."

இருபத்தைந்து நாளில் தருவதாகச் சொன்னார். முன்பணம் கொடுத்தோம். மத்தியானத்துக்குக் குடலை இட்லி. மந்தாரை இலையில் ஆவியில் வெந்து, மிளகும் சுக்கும் மணக்கும் அந்தக் காஞ்சீபுரத்து இட்லியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதவேண்டும். பெண் இரண்டு துண்டு சாப்பிட்டாள். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு எங்கே போனாலும் ஒன்றைத் தொட்டுவிட்டு இலையை மடித்துக்கொண்டிருந்தவள்!

புறப்படும்போது நெசவாளர் வாசல்வரை வந்தார். சாயக்காரரிடம் காட்ட வேண்டும், பழைய அரக்கில் நாலு இழை வேண்டும் என்றார். பெண் ஒரு நிமிஷம் தயங்கினாள். பிறகு தலைப்பின் ஓரத்துக் குஞ்சத்திலிருந்து தானே நாலு இழைகளை உருவி அவர் கையில் வைத்தாள். ஐந்தாவதாக ஒன்றும் கூடவே வந்துவிட்டது. ரெயிலில் வாலாஜாபாத் தாண்டும்வரை அதை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவள், "அத்தை, அம்மா எத்தனை கொசுவம் வைப்பாள்?" என்று கேட்டாள்.

எனக்கு ஞாபகம் இல்லை. இராத்திரி அண்ணாவைக் கேட்டோம். அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு.