தொண்டிக் கடலும் துண்டுப் பவளமும்

தொண்டியில் கடல் குளம் போலக் கிடக்கிறது. தெற்கே மண்டபம் பக்கம் போனால் நீருக்கடியில் பவளப் பாறைகள்!

வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குப் பெரிய பாறை நல்லதா, சின்னத் துண்டா? அழகுக்குப் பெரியது, பிழைப்பதற்குத் துண்டே மேல். பவளம் வெறும் கல்லல்லவே! சிறு பிராணிகளின் குடியிருப்பு. கிளையை ஒடித்து நட்டால் முருங்கைப் போத்தாய்த் தழைக்கும். தாய்ப் பாறையும் கடலில் பிழைத்திருக்கும்.

ஆனால் நம் கடலில் இரண்டையுமே எடுக்கக் கூடாது. புலியைக் காக்கும் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே 2001-ல் பவளத்தையும் சேர்த்துவிட்டார்கள்.

துண்டுக்கு வேறு வேலை இருக்கிறது. 2002 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார், மன்னார் வளைகுடாவில் அழிந்த திட்டுகளில் துண்டுகளை நட்டு வளர்த்து வருகிறார்கள்.

பவளம் பார்க்க ஆசையா? தாராளமாகப் பாருங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள்!