மழை நின்ற பிறகு

நொய்யல் ஆற்றுப் பக்கத்து எங்கள் நல்லூரில் தோட்டத்து மண்ணைக் காக்க வேண்டிய காலம் கோடையல்ல, மார்கழி. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணிலிருக்கும் உப்பைக் கரைத்துக் கீழே இறக்கிவிடும். மழை நின்று வெயில் விழத் தொடங்கியதும் அடியிலுள்ள ஈரம் மேலே ஏறி ஆவியாகும். அதோடு வந்த உப்பு மேலேயே தங்கிவிடும். வெறுந்தரையாக விட்ட இடத்தில் தை மாதத்திலேயே வெள்ளை பூத்து நிற்பதைப் பார்க்கலாம்.

குழாயில் வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போய்விடுகிறது. செடிகளுக்கு போர் தண்ணீர்தான். சாய ஆலைகளால் அதில் உப்பு எப்படி ஏறியது என்பது ஊரறிந்த கதை. துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் துணியோடு போகும், உப்பு கழிவுநீரோடு வரும். நொய்யலில் விட்டதெல்லாம் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீரைப் பாசனக்காரர்களே வேண்டாம் என்றார்கள். கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆலைகளால்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பை எந்த உத்தரவும் வெளியே எடுத்துவிடாது.

அதனால் கார்த்திகைக் கடைசியில், ஈரம் காய்வதற்கு முன், நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டுவிடுகிறேன். முதலில் மட்கிய எரு, அதன்மேல் சருகும் நறுக்கிய தென்னை ஓலையும். செடியின் தண்டைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி. மூடாக்கு உப்பை எடுத்துவிடாது. மேலே ஏறவிடாமல் தடுக்கும். ஈரம் நிற்பதால் அடிக்கடி தண்ணீர் விட வேண்டியதில்லை. எங்கள் போர் தண்ணீரில் ஒவ்வொரு குடமும் கொஞ்சம் உப்பைக் கூட்டுகிறது என்பதால், இதுதான் எனக்குப் பெரிய லாபமாகப் படுகிறது.

காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைப் பார்த்தால், தரையை மூடி வைப்பது புது வித்தையல்ல என்று தெரியும். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரை மூடிய கொழுக்கட்டைப் புல். வருஷா வருஷம் உழுது மண்ணைத் திறந்து போடுவதில்லை. மாடும் செம்மறியும் மேய, சாணமும் புழுக்கையும் அங்கேயே சேர்கின்றன. மழை குறைந்த அந்தச் சீமையில் மண் காற்றோடு போகாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

காலியாகக் கிடக்கும் பாத்தியில் கொள்ளு தூவலாம். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் மார்கழிப் பனியிலும் அது வந்துவிடும். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தும் சேரும். பூவெடுக்கும்போது அறுத்து அங்கேயே பரப்பிவிட வேண்டும், பிடுங்கக் கூடாது.

சிலர் பனியன் வேஸ்ட்டை மூடாக்காகப் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பருத்தி மட்கும், பாலியஸ்டரும் லைக்ராவும் மட்காது. எதில் எது கலந்திருக்கிறது என்று கையில் பிடித்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

மனசு பொறுக்காத ஒன்று, கூட்டிக் குவித்த சருகுக்குத் தீ வைப்பது. தெருவில் அப்படிக் குவிந்திருந்தால் கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டிவந்துவிடுகிறேன். தையில் வாதாம் இலை சிவந்து உதிரும். மாசியில் மூடாக்கு மெலிகிற நேரத்துக்கு வேம்பும் கொட்டத் தொடங்கிவிடும்.