கோயில் இல்லாத ஊரில் வீடே கோயில்

பெங்களூர் சிவாஜிநகரில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. செப்டம்பர் வந்தால் புனித மேரி பசிலிக்காவில் திருவிழாக் கூட்டம். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் பாங்கொலி. அருகிலேயே அம்மன் கோயில் மணி. பேட்டையை ஒட்டிய கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒருகாலத்தில் ஒரு யூதரின் பெயரும் பிரபலம்: காலணிக் கடை நடத்திய ரூபன் மோசஸ்.

கொச்சியிலும் மும்பையிலும் இருப்பதுபோல் பழைய ஜெப ஆலயம் பெங்களூர் யூதர்களுக்கு இல்லை. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1904இல் அளித்த நிலத்தில், மைசூர் சாலையில் கல்லறைத் தோட்டம் மட்டும் அமைந்தது. இறந்தவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருப்பவர்கள் வீட்டில் கூடித் தொழுதார்கள்.

வீடே கோயிலாகும்போது நிலைக்காலுக்கும் விளக்குக்கும் பொறுப்பு கூடிவிடுகிறது. நம் வீட்டு நிலையில் மாவிலைத் தோரணம் என்றால், யூத வீட்டில் நுழையும்போது வலப்புற நிலைக்காலில் 'மெசூசா'. சிறு பேழை, உள்ளே தோல் சுருளில் எழுதிய மறைமொழி. சுருளைப் பயிற்சி பெற்றவர் கையால்தான் எழுத வேண்டும், அச்சடித்தது செல்லாது. பேழைக்கு அந்தக் கண்டிப்பு கிடையாது. மரம், பித்தளை, வெள்ளி, கண்ணாடி எதுவானாலும் சரி.

இந்தச் சலுகையில்தான் கலை நுழைந்தது. ஜெருசலேமில் 1906இல் தொடங்கிய பெட்சாலேல் கலைப்பள்ளி, சடங்குப் பொருள்களுக்குப் புது உருவம் தேடியது. ஜெர்மனியில் லுட்விக் வோல்பெர்ட் 1930இல் வெள்ளி, கருங்காலி, கண்ணாடி மூன்றையும் சேர்த்துப் பாஸ்கா விருந்துக்கான தட்டு அடுக்கு செய்தார். பூவேலை இல்லை, வெறும் கோடுகள், சடங்கில் மாற்றமில்லை.

இந்திய யூதர்கள் இதை யாரிடமும் படிக்காமலே செய்தவர்கள். கொச்சியில் வெள்ளி மாலை ஓய்வுநாளை வரவேற்றது தேங்காய் எண்ணெய் ஊற்றிய பித்தளைத் தூக்குவிளக்கு. மலையாள வீட்டு விளக்கின் உடன்பிறப்பு. கொங்கணத்து பெனே இஸ்ரேலியர் எலியா தீர்க்கதரிசியின் பெயரால் வைக்கும் 'மலிதா' தட்டில் அவல், தேங்காய், பழம். ஒயினுக்குப் பதில் உலர்திராட்சை ஊறிய சாறு.

பொருள் தங்கிவிடுகிறது, புழங்கும் கைதான் குறைகிறது. மட்டாஞ்சேரியில் ஓய்வுநாள் ரொட்டிக்குப் போர்த்தும் துணிகளில் பூவேலை செய்து விற்ற சாரா கோஹன் 2019இல், 96 வயதில் காலமானார். கடைசிவரை துணை நின்று, அந்தக் கடையைத் தொடர்ந்து காத்தவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம்.

பெங்களூர் வீடுகளின் கதை வேறு. வீட்டை வாங்குபவர் யூதர் என்றால் மெசூசாவை விட்டுச் செல்ல வேண்டும். இல்லையென்றால் கழற்றிவிட வேண்டும் என்பது மரபு. யூதர்கள் சொற்பமான ஊரில் பெரும்பாலும் கழற்றத்தான் நேரும். பேழை குடும்பத்தோடு ஊர் மாறிப் போகும். நிலைக்காலில் மிஞ்சுவது இரண்டு ஆணித் துளைகள். அடுத்த பெயின்டில் அவையும் மூடிப்போகும்.